காதையும் மறைத்தவர்

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்?”

“என்னை யாருக்கும் தெரியக் கூடாது சார்.”

“யாருக்குமேவா?”

“என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் கெமிஸ்ட்ரி டீச்சர்னு தெரியணும். பக்கத்து வீட்டுக்கு, வாடகைக்கு வந்த பொண்ணுன்னு தெரியணும். அதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியக் கூடாது.”

“சின்ன ஆசைதானே இது?”

“உங்களுக்குச் சின்னது சார்.”

போன வருஷம், சட்டம் புதிதாக வந்த சமயத்தில், இதே தரைத்தள அறையில், இதே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பெண் பேசியது. விசாரணை அதிகாரிக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார். ஓய்வு பெறப் போகிற மனிதர் அப்படியெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. சரியாக மூடாத குழாய் மாதிரி அந்த வாக்கு அவருக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது.

“சார், ரெயின்கோட் பாப்பா திரும்பி வந்துட்டா.”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள் அவருடைய உதவியாளர். வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்பதால் தனியுரிமை ஆணையம் முழுக்க அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. தூங்குமூஞ்சி. அது அவருக்குத் தெரியும் என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாது.

“எப்போ வந்துது?”

“காலையில. புது கணக்கு, பழைய போட்டோ. நாம எடுக்க வைக்கிறோம், அவன் போடறான். எடுக்க வைக்கிறோம், போடறான். எங்க வீட்டுல நானும் என் மாமியாரும் ஜன்னலைத் திறந்து மூடற மாதிரியே இருக்கு சார்.”

அவள் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். மழை. ஒரு வீட்டு வாசல் கேட். பெரியவர்களுடைய மஞ்சள் ரெயின்கோட்டுக்குள் தொலைந்துபோன ஒரு சின்னப் பெண். முன்பல் ஒன்று இல்லை. அந்த ஓட்டை தெரிய வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள். பின்னால் நாலு பேர். அதில் மூன்று பேருக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற முட்டை. நாலாவது ஆள் மட்டும் பெரிய மீசையோடு திறந்த முகமாக நிற்கிறார்.

அந்தப் பாப்பாதான் இன்றைய கெமிஸ்ட்ரி டீச்சர். நாட்டில் பாதிப் பேருக்கு அவளை வேறு பெயரில் தெரியும். அழுமூஞ்சிப் பாப்பா. சின்ன வயதில் பல் பிடுங்கும் நாற்காலியில் அவள் கதறியதை யாரோ படமெடுத்து இணையத்தில் போட, அது ஊர் ஊராகப் பரவி, அந்தக் கதறும் முகம் ஸ்டிக்கராகி, சட்டையில் அச்சாகி, பிஸ்கட் விளம்பரத்தில்கூட வந்துவிட்டது. வளர்ந்த பிறகும் அது அவளை விடவில்லை. இரண்டு பள்ளிக்கூடம் மாறினாள். அப்புறம்தான் முகச் சட்டம் வந்தது. ஒருவருடைய முகத்தை அவர் சம்மதமில்லாமல் யாரும் போடக் கூடாது. போட்டால் வலைத்தளக் கம்பெனி எடுத்தாக வேண்டும். பழைய படத்துக்கும் அது பொருந்தும். எல்லாவற்றையும் துடைத்தார்கள். கொஞ்ச காலம் அவள் நிம்மதியாக இருந்தாள்.

இப்போது இது.

“இதுல ஒரு வேடிக்கை பாத்தீங்களா?” என்றாள் பட்டாசு. “வீட்டு நம்பரை மறைச்சிருக்கான். கார் நம்பர் ப்ளேட்டை மறைச்சிருக்கான். கூட நிக்கறவங்க மூஞ்சியை மறைச்சிருக்கான். சட்டத்தை மீறுறான் சார், ஆனா அவ்ளோ மரியாதையா மீறுறான். கொள்ளையடிக்கப் போறவன் ஹெல்மெட் போட்டு, சிக்னல்ல நின்னு, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பின மாதிரி.”

“மீசைக்காரரை மட்டும் ஏன் விட்டான்?”

“அந்த மீசைக்காரர்தான் ஆளே. அவ்ளோ பெரிய மீசையை வளர்த்துட்டு மறைக்க மனசு வருமா?”

அவர் கொட்டாவி விட்டார். வெளியே நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆணையர்.

முகச் சட்டத்தை வரி வரியாக எழுதியது அந்த அம்மாள்தான். கம்பெனிக்காரர்கள், வக்கீல்கள், கமிட்டிகள் என்று எல்லாரோடும் மல்லுக்கட்டி அதைக் கரையேற்றியவர். கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கறுப்பு வளையம். ஆனாலும் கடைநிலை ஊழியரைக்கூட நின்று விசாரிக்காமல் போக மாட்டார்.

“சாப்பிட்டீங்களா சார்?”

“ஆச்சு மேடம். மறுபடியும் அந்த ரெயின்கோட் படம் வந்திருக்கு. கணக்கு யாருதுன்னு கேட்டு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய உத்தரவு...”

“என் மேஜையிலதான் இருக்கு. பாத்து அனுப்பிடறேன்.” ஒரு நொடி தயங்கினார். “அடுத்த வாரம் மறுஆய்வுக் கமிட்டி வேற. சட்டத்தைத் தளர்த்தணும்னு கம்பெனிங்க ஒத்தைக் கால்ல நிக்குது. அது முடியட்டுமே.”

போய்விட்டார்.

“பாவம், மேடம் இளைச்சுட்டாங்க,” என்றாள் பட்டாசு. “நாட்டுல எல்லார் மூஞ்சியையும் காப்பாத்தறாங்க. அவங்க மூஞ்சியைக் கவனிக்க ஆள் இல்ல.”

*

வலைத்தளக் கம்பெனியின் அலுவலகத்தில் உட்காருவதற்கு நாற்காலியே இல்லை. வண்ண வண்ண மூட்டைகள் போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரி ஒரு மூட்டைக்குள் இறங்கினார். திரும்ப எப்படி எழுந்திருப்பது என்ற கவலை முழங்காலில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

குறைதீர்ப்பு மேலாளர் சிரித்த முகமாக வந்தார். அந்தச் சிரிப்பையும் கம்பெனியே கொடுத்திருக்கும் போல.

“அந்தப் படத்தை எடுத்தாச்சு சார். நீங்க சொன்ன அரை மணியில எடுத்துட்டோம்.”

“எடுத்தது சரி. போட்டது யாரு?”

“அதை நாங்க சொல்ல முடியாதே. கணக்கு வெச்சிருக்கறவரோட தனியுரிமை. உங்க சட்டம்தான் சார், பதினோராவது பிரிவு. ஆணையர் கையெழுத்தோட உத்தரவு வந்தா உடனே கொடுத்துடறோம்.”

“எங்க பேனாவாலயே எங்க கண்ணைக் குத்தறாங்க பாருங்க,” என்றாள் பட்டாசு.

“உத்தரவு போனவாட்டியே எழுதிக் கொடுத்தேனே?” என்றார் அவர்.

மேலாளர் கணினியில் தேடினார். “இல்லையே சார். உங்க ஆபீஸ்லேர்ந்து இந்த விஷயமா எங்களுக்கு உத்தரவு எதுவுமே வரலை. ஒருவாட்டி கூட.”

அரசாங்க அலுவலகத்தில் ஒரு காகிதம் ஒரு மாடி இறங்கி வர ஆகும் காலம் அதிகாரிக்குப் பழக்கமானதுதான்.

“யாருன்னு சொல்ல வேணாம். படத்தைப் பத்தி சொல்லுங்க.”

“அது சொல்லலாம்.” மேலாளர் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். “இது பழைய ஃபைல் இல்லை. காகிதத்துல பிரிண்ட் போட்ட போட்டோவை மேஜையில வெச்சு போன்ல படம் பிடிச்சிருக்காங்க. பாருங்க, மேல ஓரத்துல ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு வெள்ளையா ஒரு கோடு. அப்புறம், மறைச்சது எங்க மென்பொருள் இல்லை. எங்களுது சட்டப்படி கண்ணுலேர்ந்து தாடை வரைக்கும் ஒரு கட்டம் போடும். இது விரலால வரைஞ்சது. காதோட சேர்த்து மூடியிருக்கு.”

“காதையுமா?”

“காதை மூடச் சொல்லிச் சட்டத்துல இல்லையே. தேவையில்லாத வேலை.”

“நம்ம ஆளு கூடுதல் மார்க் வாங்கற டைப் போல,” என்றாள் பட்டாசு. பிறகு இரண்டு கையையும் நீட்டி அவரை மூட்டையிலிருந்து இழுத்தாள். “ஐலசா சார். கொஞ்சம் நீங்களும் உதவி பண்ணுங்க.”

மேலாளர் வாசல் வரை வந்தார். “இன்னொண்ணு சார். படத்தோட புகார் கொடுத்தவங்க பேரையும் போட்டிருந்தாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அதுக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருந்தார். நாங்க அதையும் எடுத்துட்டோம். ஆனா எத்தனை பேர் பாத்தாங்களோ.”

“என்ன எழுதியிருந்தார்?”

“‘இது அந்த அழுமூஞ்சிப் பாப்பா இல்ல?’ன்னு.”

*

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்குப் போயிருந்தார்கள். காலியான வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் டீச்சர் நின்றிருந்தாள். பலகையில் யாரோ சாக்பீஸால் ஒரு முகம் வரைந்திருந்தார்கள். திறந்த வாய். இரண்டு கண்ணிலிருந்தும் தரை வரை கண்ணீர்.

“எப்போலேர்ந்தும்மா?” என்று கேட்டார் அதிகாரி.

“இன்னிக்குத்தான் சார். மத்தியானம்.” அவள் டஸ்டரை எடுத்து அழித்தாள். ஈரமில்லாத டஸ்டர். முகம் போகவில்லை, பரவி இன்னும் பெரிதானது. “வரைஞ்சவன் நல்லா வரைஞ்சிருக்கான். பயாலஜிக்கு உதவும்.”

பட்டாசு சிரிக்கவில்லை. குடிதண்ணீர்க் குழாயில் டஸ்டரை நனைத்துக்கொண்டு வந்து, தானே பலகை முழுவதையும் துடைத்தாள்.

“இடமாற்றம் கேட்டிருக்கேன்,” என்றாள் டீச்சர். “ரொம்ப தூரத்துல ஒரு ஊர். கிடைச்சிடும்னு சொன்னாங்க. சாயங்காலம் உங்க ஆபீசுக்கு வந்து புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஓடறவளுக்குப் புகார் எதுக்கு சார்?”

“அவசரப்படாதீங்க.”

“இது மூணாவது பள்ளிக்கூடம். நான் அவசரப்படலை, களைச்சுட்டேன்.”

அவரும் களைத்துத்தான் இருந்தார். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். புகார் கொடுப்பவரின் குடும்பத்தைப் பற்றித் தேவைக்கு மேல் துருவக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் ஒரு பிரிவுதான். அதனால் இத்தனை நாள் கேட்காமல் இருந்த கேள்விகளை இன்றைக்குக் கேட்டார்.

“இந்த மீசைக்காரர் யாருன்னு தெரியுமா?”

படத்தைப் பார்த்தவள் விரலால் அந்த முகத்தைத் தொட்டாள். “அப்பா.”

பட்டாசு மெல்ல முணுமுணுத்தாள். “சொன்னேன்ல சார், மீசைதான்...”

“இப்ப எங்கே இருக்கார்?”

“இல்லை சார். நான் காலேஜ் சேர்ந்த வருஷம் போயிட்டார்.”

பட்டாசு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி கண்ணை மூடினார். தூங்குகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவருக்கு யோசனை வரும் வழி அது.

“இறந்தவங்க முகத்தை மறைக்க வேண்டியதில்லைன்னு சட்டம் சொல்லுது,” என்றார். “இந்தப் படத்தைப் போட்டவருக்கு அது தெரிஞ்சிருக்கு. அதைவிட முக்கியம், உங்க அப்பா இல்லைங்கறதும் தெரிஞ்சிருக்கு. வெளி ஆள் இல்லைம்மா. வீட்டு ஆள். மத்த மூணு பேர் யாரு?”

“இது சித்தப்பா. இது அத்தை. ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்காங்க. போன்ல எழுத்தைப் பெரிசாக்கக்கூட என்னைத்தான் கேப்பாங்க.” மூன்றாவது முட்டைக்கு வந்ததும் விரல் நின்றது. “இது அம்மா.”

“பிரிண்ட் யார்கிட்ட இருந்துது?”

“அம்மாகிட்ட. சட்டம் வந்தப்போ எல்லாத்தையும் எரிச்சுடுங்கன்னு சொன்னேன். ஒண்ணு விடாம. எரிச்சுட்டேன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நாங்க பேசிக்கறதில்லை.”

“அந்தப் பழைய வீடியோவை முதல்ல போட்டது...?”

“அவங்கதான். அப்போ அவங்களுக்கு அது விளையாட்டு. என் காய்ச்சல், என் மார்க்கு, நான் சட்டையில சாம்பார்... என்னத்தையோ கொட்டிக்கிட்டது, எல்லாம் போடுவாங்க. ஊரே லைக் போடும்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே தலையை ஆட்டினாள். “நீங்க நினைக்கறது எனக்குப் புரியுது சார். இல்லை. உலகத்துல யார் வேணா இதைச் செய்யலாம், அவங்க மட்டும் செய்ய மாட்டாங்க. அந்த வீடியோவுக்காக அவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். அவங்க இப்போ வேற ஆள். அந்த ஒரு விஷயத்துல அவங்களை நம்பறேன். அதையும் எடுத்துடாதீங்க.”

“சரிம்மா. சாயங்காலம் வாங்க. வாபஸ் வாங்கறதுன்னா மேல் மாடியில ஆணையர் முன்னாடி கையெழுத்துப் போடணும்.”

“மேலே வேணாமே சார்.” சட்டென்று வந்தது பதில். “கீழே உங்க ரூம்லயே முடிச்சுக்கலாமா?”

*

திரும்பி வரும்போது பட்டாசு வழியெல்லாம் பேசாமல் வந்தாள். கார் ஓட்டுநர் கண்ணாடி வழியாக இரண்டு தடவை அவளைப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவதோ என்று.

ஆணையத்தின் நடைபாதையில் வந்ததும்தான் வாயைத் திறந்தாள். அங்கே சுவரில் ஆண்டு விழாக் குழுப் படம் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. வலைத்தளத்தில் ஆணையத்தின் பக்கத்திலும் அதே படம்தான். நாற்பது முகங்களுக்கு நடுவே ஒரே ஒரு சாம்பல் முட்டை.

“இதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது சார். நாடு பூரா முகத்துக்குச் சண்டை போடற ஆபீஸ்ல எனக்கு மூஞ்சி இல்லை. உருளைக்கிழங்குக்குச் சேலை கட்டின மாதிரி நிக்கறேன்.”

“சம்மதத் தாள்ல நீ கையெழுத்துப் போடலை.”

“தாள் சுத்தி வந்தப்போ லீவுல இருந்தேன்! வந்து போடறதுக்குள்ள மறைச்சாச்சு. அதுவும் மூஞ்சியோட விட்டாங்களா? விழா அன்னிக்குன்னே புதுக் கம்மல் வாங்கிப் போட்டுட்டு வந்தேன். அதையும் சேர்த்து மூடி...”

நிறுத்தினாள்.

அவர் ஏற்கெனவே நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த முட்டையின் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பிறகு போனில் இருந்த ரெயின்கோட் படத்தைப் பார்த்தார். மறுபடி சுவர்.

“இதை மறைச்சது யாரு?”

பட்டாசின் குரல் இறங்கிவிட்டது. “நம்ம மென்பொருள் அன்னிக்கு வேலை செய்யலை. மேடமே உக்காந்து விரலால... சார், வேணாம் சார்.”

“என்ன சொன்னாங்க அப்போ?”

“‘முகம் வயசுக்கு வயசு மாறும், காது மாறாது, காதை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க’ன்னாங்க. கமிட்டியில அதுக்காகச் சண்டை போட்டாங்களாம். படம் அசிங்கமா இருக்கும்னு கம்பெனிங்க ஒத்துக்கலையாம். நான்தான் சார், மேடம் கம்மலுக்கு எதிரின்னு கேலி பண்ணினேன்.”

காதை மறைக்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லை. நாட்டில் யாரும் மறைப்பதில்லை. மறைக்கிற கை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கை திருட்டுத்தனமாகப் படம் போடும்போதுகூடத் தன் பழக்கத்தை விடவில்லை. கம்பெனிக்குப் போகாத உத்தரவு. கமிட்டி முடியட்டுமே என்ற தயக்கம். மேல் மாடிக்கு வர மறுக்கும் மகள்.

இவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. கண்டுபிடித்த சந்தோஷம் துளியும் இல்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

“லிஃப்ட் வேலை செய்யலை சார்,” என்றாள் பட்டாசு.

“எப்போ செஞ்சுது?” என்றபடி மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தார்.

*

ஆணையர் மேஜை விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் சாயங்கால வெளிச்சம்.

“ரெண்டு சந்தேகம் மேடம்,” என்றார் அதிகாரி. “இறந்தவங்க முகத்தை மறைக்க வேணாம்னு சட்டத்துல எழுதினது யாரு?”

“நான்தான். ஏன்?”

“காதையும் மறைக்கணும்னு கமிட்டியில வாதாடினது?”

“அதுவும் நான்தான். தோத்துட்டேனே.”

“தோத்தீங்க. கைதான் இன்னும் ஒத்துக்கலை போல.”

போனை மேஜை மேல் வைத்தார். ரெயின்கோட் பாப்பா சிரித்தாள்.

ஆணையர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. படத்தையே பார்த்தபடி கேட்டார். “அவருக்கு மீசை நல்லா இருக்கும், இல்ல?”

கதவருகே நின்ற பட்டாசு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“இதை முதல்ல பாத்ததும் எனக்குக் கோபம் வந்திருக்கணும் மேடம்,” என்றார் அதிகாரி. “வயசாயிடுச்சு, கோபம்கூட மாடி ஏறி வர மாட்டேங்குது. ஏன் செஞ்சீங்க?”

“அவளைப் பத்தி இணையத்துல தேடினா அந்த அழற முகம்தான் வரும். எத்தனை வருஷம்! நான் ஆரம்பிச்சு வெச்சது, என்னாலயே நிறுத்த முடியலை. யார் யாருக்கோ எழுதினேன், யார் கால்லயோ விழுந்தேன். அதுக்காகத்தான் இந்தச் சட்டமே. வந்துது. எல்லாம் போச்சு. இப்போ தேடினா ஒண்ணுமே இல்லை. வெறும் வெள்ளை.” விரலால் மேஜையைத் தடவினார். “அவ பிறந்ததுக்கே அடையாளம் இல்லாத மாதிரி. உலகம் பூரா அவ அழுததைப் பாத்துச்சு. எங்கேயாவது ஒரு மூலையில அவ சிரிச்சதும் இருக்கட்டுமேன்னு தோணிச்சு. எடுத்தாங்க. மறுபடி வெள்ளை. தாங்கலை. மறுபடி போட்டேன்.”

“அவங்களைக் கேட்டீங்களா?”

ஆணையர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கொழுந்தன், நாத்தனார், கார் நம்பர் முதற்கொண்டு பாத்துப் பாத்து மறைச்சிருக்கீங்க. உங்களையே மறைச்சிருக்கீங்க. சம்மதம் கேக்காம விட்டது ஒரே ஒரு முகம்.”

“அவ என் பொண்ணு.”

“நமக்கு வர்ற புகாரெல்லாம் அங்கேதான் மேடம் ஆரம்பிக்குது. என் பொண்ணு, என் பொண்டாட்டி, என் ஃப்ரெண்டு.” அவர் குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கு வகுப்புல பலகையில அந்த முகத்தை வரைஞ்சு வெச்சிருந்தாங்க. உங்க படத்துக்குக் கீழே ஒருத்தன் எழுதினதுதான் காரணம். மூணாவது பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ஓடப் போறாங்க. ஊரை விட்டே.”

ஆணையர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். காதையும் சேர்த்துத்தான்.

“அவளுக்குத் தெரியுமா?” என்று கைக்குள்ளிருந்து கேட்டார்.

“தெரியாது. உலகத்துல யார் வேணா செய்யலாம், அம்மா மட்டும் செய்ய மாட்டாங்கன்னு என்கிட்ட சொன்னாங்க.”

பிறகு ஆணையர் இழுப்பறையைத் திறந்து, கையெழுத்தாகாமல் கிடந்த உத்தரவை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். கணக்கு வைத்திருப்பவரின் விவரங்களை உடனே அளிக்குமாறு கம்பெனிக்கு ஆணையிட்டு, தனக்கு எதிராகவே கையெழுத்துப் போட்டார். அப்புறம் தன் போனை எடுத்து அந்தக் கணக்கையே அழித்தார்.

“கமிட்டிக்கு நானே சொல்லிடறேன். சட்டத்தை எழுதினவளே மீறிட்டான்னு கம்பெனிக்காரங்க கொண்டாடுவாங்க.”

“கொண்டாடட்டும்,” என்றாள் பட்டாசு. வேறு சமயமாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பாள். “சட்டம் எழுதினவங்களையே பிடிக்குதுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் மேடம்.”

“அவங்க கீழே வந்திருப்பாங்க,” என்றார் அதிகாரி. “நான் போய்ச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். நீங்க சொன்னா அது விசாரணை முடிவு.” ஆணையர் எழுந்தார். கைப்பையின் உள்ளறையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டார். “நானே கீழே வரேன்.”

*

தரைத்தள அறையில் டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்தது யார் என்று பார்த்ததும் எழுந்து நின்றாள். மரியாதைக்கு எழுந்தாளா, போய்விட எழுந்தாளா, தெரியவில்லை.

“நான்தான் போட்டேன்,” என்றார் ஆணையர். உட்காரவில்லை, சுற்றி வளைக்கவில்லை. “ஒவ்வொரு தடவையும் நான்தான்.”

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எரிச்சுட்டேன்னு சொன்னீங்களே.”

“பொய் சொன்னேன்.”

“உங்களுக்காக இவர்கிட்ட பேசினேன். இன்னிக்கு. என் வாயால.” அவள் அழுதாள். நாடே பார்த்த அழுகை அது இல்லை. சத்தமே இல்லாத வேறு ஒன்று. “கீழே என்ன எழுதியிருந்தாங்கன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன். போட்ட கொஞ்ச நேரத்துலயே பாத்தேன். ஆனாலும் எடுக்கலை. அது இன்னும் பெரிய தப்பு.” ஆணையர் அதே மூச்சில் தொடர்ந்தார். “எனக்கு எதிரா உத்தரவு போட்டாச்சு. கமிட்டியில சொல்லிட்டு வேலையை விட்டுடுவேன். என்னை மன்னிக்கச் சொல்லலை. நீ ஊரை விட்டுப் போகாதே. உன்னை விரட்டினது ஊர் இல்லை, நான்.”

“குடுங்க அதை.”

கையை நீட்டினாள். ஆணையர் போட்டோவைக் கொடுத்தார்.

முட்டைகள் இல்லாத அசல் படம். அத்தை கண்ணை மூடிச் சிரிக்கிறாள். சித்தப்பாவின் தலையில் பாலிதீன் பை. அம்மாவின் முகத்தில் மழை வழிகிறது. யாரையும் பார்க்கவில்லை, ரெயின்கோட்டின் தொப்பி பெண்ணின் கண்ணை மூடிவிடாமல் ஒரு விரலால் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

டீச்சர் வெகு நேரம் பார்த்தாள். கிழித்துவிடுவாள் என்று பட்டாசு நினைத்தாள். அதிகாரிக்கும் அந்தப் பயம் இருந்தது. இரண்டு பேரும் வெளியே போய்விடலாமா என்று கண்ணால் பேசிக்கொண்டார்கள். வழியை மறித்தபடி ஆணையர் நின்றதால் அசையவில்லை.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார் ஆணையர். “உனக்கு அஞ்சு வயசுலயே கேட்டிருக்கணும். இத்தனை வருஷமா வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. நீ இல்லைன்னு சொல்லிடுவியோன்னு பயந்தேதான் கேக்காமயே எல்லாத்தையும் செஞ்சேன்.”

டீச்சர் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேளும்மா.”

ஆணையர் ஒரு எட்டு முன்னால் வந்தார். கையை நீட்டவில்லை. புகார் கொடுக்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், அவர்கள் நிற்பது போலவே, முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்த ஒரு படத்தை மட்டும், வேற யாருக்கும் காட்டாம, நான் வெச்சுக்கட்டுமா?”